கரியரில் ஏறியவன்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். லோஜனின் முகத்துக்கு முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் பதினேழு வயதுப் பெடியன், மருதனார்மடத்தில் இன்றைக்கும் இருக்கிறான். நடந்தது போன ஓகஸ்ட் விடுமுறையில். அதுவும் பட்டப்பகலில்.

லோஜனின் கூட்டாளி செந்தூரன். நேர்சரியிலிருந்து ஒரே வகுப்பு, ஒரே ரியூசன். அடி வாங்கினாலும் ஒன்றாகத்தான். செந்தூரனுக்குக் கனடா சரிவந்திருந்தது. வெளிநாடு போகிறவன் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த விடுமுறை முழுக்க லோஜனும் கூடவே போனான். பயணம் சொல்ல அல்ல, சாப்பிட. போகிற வீடெல்லாம் கோழிக்கறி. லோஜனுக்கு இரண்டு கிலோ கூடிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனது உடுப்பிட்டியில் இருந்த மாமி வீட்டுக்கு. செந்தூரனின் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதாம். அதனால் லோஜனின் சைக்கிளில் இருவரும் டபிள். வெள்ளனவே சமைத்து வைத்திருந்த மாமி, குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்குத் தம்பி பிளைட்?"

லோஜனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பொங்கல் கழித்துத்தான் பயணம் என்று செந்தூரன் அவனிடம் சொல்லியிருந்தான். சைக்கிளையும் விற்றாயிற்றாம், அதுவும் மாமி சொல்லித்தான் தெரிந்தது. காற்றும் போகவில்லை, ஒரு மண்ணும் போகவில்லை.

திரும்பி வரும்போது வல்லை வெளி. நேரம் 12.10. மரமில்லை, நிழலில்லை, ஆள் நடமாட்டமில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. எதிர்காற்றில் டபிள் போகிற பெடியளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின் கரியரில் இருப்பவனும் காலை நீட்டி, பெடலின் ஓரத்தில் வைத்துச் சேர்ந்து மிதிப்பான். செந்தூரனும் மிதித்தான். அன்றைக்கு அதுகூட லோஜனுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அழுவாய்."

"இறங்கடா."

"என்ன?"

"இறங்கு!"

மதகடியில் இறக்கிவிட்டான். 12.16. திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. காற்றால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இருநூறு மீற்றர் போயிருப்பான். மனம் கேட்கவில்லை. பிரேக்கில் கை வைத்தான்.

தொம்...

சைக்கிள் ஒருதரம் ஆடியது. கரியரில் பாரம். செந்தூரன் எப்போதும் பின்னால் ஓடிவந்து பாய்ந்துதான் ஏறுவான். லோஜனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ரோசம். திரும்பிப் பார்க்கவில்லை.

பெடல் இலேசானது.

எதிர்காற்று அப்படியே அடித்தது. ஆனால் சைக்கிள் பறந்தது. செந்தூரன் பஞ்சி பிடித்த சோம்பேறி, இப்படி மிதிக்கிற ஆள் இல்லை. குற்ற உணர்ச்சியில் மிதிக்கிறான் என்று நினைத்து லோஜன் இளகிப்போனான்.

"போகாதையடா," என்றான். "நீயில்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்?"

"ம்..."

"என்னோடையே இருப்பாய்தானே?"

"ம்..."

அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. பிறகுதான் கவனித்தான். வழி முழுக்கக் கிறீச் கிறீச் என்று கத்தி வந்த செயின்... சத்தம் போடவில்லை.

உச்சி வெயில். முதுகு மட்டும் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தான். தன் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு கால். சாம்பல் நிறக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது.

செருப்பில்லை.

செந்தூரன் செருப்புப் போட்டிருந்தான்.

12.24.

போன் அடித்தது.

திரையில்... செந்தூரன்.

"நான் இன்னும் மதகடியிலைதான். பஸ்ஸிலை வாறன். நீ போ."

பின்னால்,

"ம்..."

லோஜன் குதித்தான். சைக்கிள் விழுந்தது. கரியரில் ஒருவரும் இல்லை.

பெடல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக... யாரோ மிதிக்கிற மாதிரி...

அதற்குப் பிறகு செந்தூரன் போன் எடுக்கவில்லை. புதன் இல்லை, வியாழன் இல்லை. சொல்லாமலே போய்விடுவானோ என்று லோஜனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் 5.40க்கு அவன் வீட்டுக்கே போனான். செந்தூரன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இறக்கிவிட்டது பிழைதானடா. மன்னிச்சுக்கொள்."

"இறக்கிவிட்டது பரவாயில்லை. வேறை ஒருத்தனோடை போனாய் பார், அதுதான்."

"நீயும் கண்டனியோ? பின்னாலை இருந்தவனை?"

செந்தூரன் நிமிர்ந்து பார்த்தான்.

"பின்னாலை நீயெல்லோ இருந்தாய்."

"நானோ?"

"மதகடியிலை நிண்டு பாத்தனான். சைக்கிள் ஓடினது வேறை ஆரோ. முகம் தெரியேல்லை. நீ கரியரிலை இருந்தாய். திரும்பி எனக்குக் கை காட்டினாய். 'போயிட்டு வாறன்' எண்டு கத்தினாய்."

சொல்லிவிட்டுச் செந்தூரன் அழுதான்.