லீடரக்காவின் மீடியம்

காக்களூர் கம்பெனியில் நாங்கள் வருகைக்குப் பஞ்ச் வைக்கிற மெஷினுக்கு மேலே ஒரு பெரிய போட்டோ மாட்டியிருப்பார்கள். ஆயுத பூஜை அன்று எடுத்தது. சந்தனம், குங்குமம் வைத்த மெஷின்களுக்கு நடுவே எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மெரூன் நிறத்தில், ஒரே டிசைன் குர்த்தியில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் எங்கள் லைன் லீடர் அக்கா, கையில் சூடத் தட்டோடு. அந்தப் போட்டோவில் நான் இல்லை. அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதை மாற்ற மாட்டார்கள். ஆக, வருஷம் பூராவும் காலையில் உள்ளே போகும்போது ஒருதரம், வேலை முடிந்து வெளியே வரும்போது ஒருதரம், நான் இல்லாத அந்தப் போட்டோவை அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் வயிறு எரிந்தது.

காருக்குப் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். லீடரக்கா வேலையில் கெட்டி, அதில் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் பொல்லாதது. ஆயுத பூஜைக்கு லைன் முழுக்க ஒரே டிரஸ் போடவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். ஆன்லைனில் ஆர்டர் போடுவதும் அவர் போனில்தான். கேன்டீனில், பக்கத்து மேஜையில் ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு சைஸ் கேட்பார். நான் அப்போது பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய புதிது. குரலை இறக்கி, “எக்ஸெல்” என்றேன்.

“இன்னாது, எக்ஸெல்லா? உனுக்கா? உன் கை ஒண்ணே அதுல பூராதேம்மா! டபுள் எக்ஸெல் போட்டுடறேன். அதுவும் பத்தலன்னா லாரிக்குப் போத்தற தார்ப்பாயத்தான் கேக்கணும்” என்றார் லீடரக்கா.

பக்கத்து மேஜை சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

பார்சல் வந்தது. டபுள் எக்ஸெல் என்று கொட்டை எழுத்தில் லேபிள் தைத்த குர்த்தி என் தோளைத் தாண்டி இறங்கவில்லை. லீடரக்காவுக்கு வந்த மீடியமோ அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. அவர் கழற்றி வைத்ததும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மீடியம்தான் பெரிது. ஒரே கடை, ஒரே டிசைன், ஒரே பார்சல்! காட்டினேன். லீடரக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “டிரஸ் இன்னா பண்ணும்? மொதல்ல வாய கட்டு” என்றார். மாற்றிக் கேட்டால் ஸ்டாக் இல்லையாம். பூஜை அன்று என்னிடமிருந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். “கலர் கெட்டுப்பூடும். நீ அந்தாண்ட போயி பொரி கட்டு, உன்ன தனியா ஒரு போட்டோ எடுக்கச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார். அந்தத் தனிப் போட்டோவை யாரும் எடுக்கவில்லை. யாரோ போனில் அனுப்பிய படத்தை வீட்டில் பார்த்துவிட்டு அம்மா, “நீ எங்கடி? அன்னிக்கு லீவா?” என்று கேட்டாள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

இந்த எழுத்துகளுக்கு அளவு வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பேன். ஒரு கடையில் நான் எல். இன்னொரு கடையில் எக்ஸெல். மூன்றாவது கடையில் எனக்குத் துணியே கிடையாது. படத்தில் நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் எத்தனை கிளிப் குத்தியிருக்கிறார்களோ, அவளுக்கு மட்டும் எல்லாமே கச்சிதமாக இருக்கும். நமக்கு வந்தால், மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டு, கழற்றத் தெரியாமல் கழற்றி, மடித்து, அதே கவரில் திணித்து, திரும்ப எடுத்துப்போக வருகிற ஆளுக்காக லீவு நாளில் காத்துக்கிடக்கவேண்டும். காரணம் என்ன என்று ஆப் கேட்கும். ‘சைஸ் சரியில்லை’ என்பதைத் தொடவேண்டும். யாருடைய சைஸ் சரியில்லை என்று அவன் கேட்பதில்லை. பழி முழுக்க நம் உடம்பின்மேல்தான் விழும்.

மழைக்காலத்தில் ஒருநாள் கம்பெனி பஸ் லேட். ஓடிப்போய்க் கொக்கியில் தொங்கிய கம்பெனி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு லைனில் நின்றுவிட்டேன். டீ நேரத்தில் கோட்டுப் பையில் கைவிட்டால் லீடர்கள் மட்டும் வைத்திருக்கும் சிவப்பு மார்க்கர் வருகிறது. கழற்றிப் பார்த்தேன். கம்பெனிக் கோட்டில் எழுத்து விளையாட்டெல்லாம் கிடையாது. காலரில் மார்பளவை இஞ்சில் தைத்திருப்பார்கள். 42. என் கோட்டிலும் அதே 42. நிமிர்ந்து பார்த்தால், லீடரக்கா என் கோட்டைப் போட்டுக்கொண்டு லைனில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! சத்தம் போடாமல் கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். ஒருத்தியிடமும் மூச்சு விடவில்லை. இருக்கட்டும், உனக்கு வைத்திருக்கிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், போன தடவை பாதிப் பேருக்கு டிரஸ் சரியில்லை என்று லைனில் முணுமுணுப்பு எழுந்தது. லீடரக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏன் எங்கிட்ட வரீங்க? இவதான் பெரிய டெய்லராச்சே, இவளே போடட்டும்” என்று என்னைக் காட்டினார். நான் காத்திருந்ததே அதற்குத்தான்.

டிரஸ் மாற்றும் அறையில் டேப் வைத்து ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அளந்தேன். அளவை அவளவள் காதில் மட்டும் சொன்னேன். ஆப்பில் கீழே, கீழே, யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் கிடக்கும் இஞ்சுக் கணக்கைத் தேடிப் படித்தேன். சொன்ன அளவுக்குத் துணி தருகிற கடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அங்கே மீடியம் என்றால் 38, அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது. லீடரக்காவிடம் மட்டும் கேன்டீனில் வைத்துக் கேட்டேன், டேப்பைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு.

“எனுக்கு எதுக்கு டேப்பு? எனுக்கு எப்பவும் மீடியம்தான். ஊருக்கே தெரியும்.”

“மீடியமே போட்டுடட்டுமா க்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“போடுடி.”

போட்டேன். பார்சல் இரண்டு நாள் முன்னமே வந்துவிட்டது. பூஜை அன்று காலையில்தான், டிரஸ் மாற்றும் அறையில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். வஞ்சம்தான், வேறென்ன? பச்சைக் குர்த்தி எல்லோருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. லீடரக்காவுக்கு மார்புக்கு மேலேயே நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள்ளே. “யார்னா இஸ்து உடுங்கடி, மூச்சு முட்டுது!” என்று உள்ளிருந்து குரல். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நான்தான் போய்ப் பொறுமையாக இழுத்துவிட்டேன். தலைமுடி கலைந்து, கண் சிவந்து வெளியே வந்தவர், “இன்னாடி போட்ட?” என்று கத்தினார்.

“மீடியம் க்கா. நீங்க சொன்னதுதான்” என்று லேபிளைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த வருஷப் போட்டோவில் நடுவில் நின்றவள் நான். சூடத் தட்டு என் கையில். லீடரக்கா தலைவலி என்று கேன்டீனில் போய் உட்கார்ந்துவிட்டார். மெஷினுக்கு மேலே அதை மாட்டிய நாளிலிருந்து பஞ்ச் வைக்கப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. வருஷம் பூராவும் அவரும் அண்ணாந்து பார்க்கட்டுமே!

இப்போது கும்மிடிப்பூண்டியில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். கணக்கு இன்னும் முடியவில்லை. ஆன்லைனில் வாங்கும் ஒவ்வொரு துணியின் மேலும் டேப்பை வைத்து, போட்டோ எடுத்து, ‘எக்ஸெல் என்கிறான், 38தான் இருக்கிறது, ஏமாறாதீர்கள்’ என்று ஒற்றை ஸ்டாரோடு ரிவ்யூ போட்டுவிடுகிறேன். ஒரு கடைக்காரன் கெஞ்சி மெசேஜ் அனுப்பினான். போட்டதை எடுக்க மாட்டேன் என்றேன்.

போன மாதம் லீடரக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குக்கர் விசில் சத்தம். “நல்லாகிறியாம்மா? பெரிய பொண்ணுக்கு நிச்சயம் வெச்சுக்கிறோம். பட்டுப் பொடவைக்கு ரெடிமேட் ஜாக்கெட் போட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பிக்கினு கீறேன். பேஜாரா பூட்ச்சு. எந்தக் கடைன்னு நீ சொல்லும்மா.” பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, “எனுக்கு... நாப்பத்திரண்டு” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு நானும் வாய்ஸிலேயே சொன்னேன்.

“எனுக்கும் நாப்பத்திரண்டுதான் க்கா. தார்ப்பாய் கேட்டீங்களே, அந்த வருசமும் நாப்பத்திரண்டுதான். உங்களுக்கும் அதேதான்.”

உடனே கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. கடையின் பெயரை மறுநாள் சாயங்காலம்தான் அனுப்பினேன்.