பால் சட்டியில் நனையாத கை

எங்கள் ஊரில் லென்கா என்று சொன்னாலே, "அந்த வாயாடியா?" என்பார்கள். சொல்கிறவர்கள் வீட்டு மிளகாய் எல்லாம் அவள் வளர்த்துக் கொடுத்த நாற்றில் காய்த்ததுதான். தின்பது அவள் மிளகாய், ஏசுவதும் அவளை. லென்கா என் அண்ணன் வாங்கெலின் மனைவி. அவள் நாற்று வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் அவளோடு நானும் வருஷக்கணக்கில் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அண்ணியின் நாற்றங்காலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வாசலில் ஒரு சட்டி நிறைய ஆட்டுப்பால் இருக்கும். யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, பாலில் கையை நனைத்துவிட்டுத்தான் செடியைத் தொட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வயலில் மிளகாய், அடுத்த வயலில் புகையிலை. காய்ந்த புகையிலையிலும் தேமல் நோய் சாகாமல் கிடக்கும். சிகரெட் உருட்டிய விரல் நாற்றில் பட்டால் போதும், இலை மஞ்சளும் பச்சையுமாகித் திருகிக்கொள்ளும், காய் கோணிப் போகும். கையில் இருக்கும்போதே பால் அந்த நோயை முடக்கிவிடும், செடிக்கு வந்துவிட்டால் மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

ஒரு வருஷம் எங்கள் வயல் பூராவும் தேமல் விழுந்தபோது, நடுவில் ஒரு செடி மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. அண்ணி அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். அதன் விதையை எடுத்து விதைத்தாள், அதில் தேறியதைப் பொறுக்கி மறுபடி விதைத்தாள். கடையில் விற்கிற நோய் தாங்கும் ரகங்கள் தோலும் சக்கையுமாக இருக்கும், சுட்ட மிளகாயை அரைத்து அஜ்வர் விழுது கிண்டினால் தண்ணீராக ஓடும். அவளுக்கு வேண்டியது, பழைய மிளகாயின் சதையோடு நோயையும் தாங்கி நிற்கிற ஒரு மிளகாய். அவள் உயிரே அதில்தான் இருந்தது. அந்த நாற்று கூடாரத்தின் கடைசித் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்ததெல்லாம் ஊராருக்கான நாற்று.

ஈஸ்டர் அன்று விருந்துக்கு வந்தார் கிளிகோர். அவர் எங்கள் வீட்டுக்குக் கும். அதாவது, அண்ணன் கல்யாணத்தில் இருவர் தலைக்கும் கிரீடம் மாற்றியவர், பிள்ளைகளுக்குப் பேர் வைத்தவர். கும் மனம் நொந்தால் அந்த வீடு விளங்காது என்று எங்கள் ஊரே நடுங்கும். ஆட்டுக்கறியைத் தின்று, ரகியா சாராயத்தைக் குடித்து, சொந்தப் புகையிலையை உருட்டி இழுத்துவிட்டு, "எங்கே உன் அதிசய மிளகாய், பார்ப்போம்," என்று கூடாரத்துக்குக் கிளம்பினார்.

அண்ணி வாசலில் நின்றாள். "கும், கையைக் கழுவிட்டு வாங்க."

"ஏம்மா, எனக்கென்ன சொறியா சிரங்கா? உன் தலைல கிரீடம் வச்ச கை இது."

"கிரீடத்துக்குத் தேமல் வராது கும். மிளகாய்க்கு வரும்."

"லென்கா, வாயை மூடு," என்றான் என் அண்ணன். "கும்கிட்டப் பேசுற பேச்சா இது? வழியை விடு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். அவள் விலகினாள்.

கிளிகோர் உள்ளே போய்த் தட்டுத் தட்டாக இலையைக் கிள்ளிப் பார்த்தார். "நல்லாருக்கு, நல்லாருக்கு," என்று கடைசித் தட்டு வரை போனார்.

மே பிறப்பதற்குள் தேமல் வந்துவிட்டது. அண்ணி அழவில்லை. ஊருக்கென்று வளர்த்த நாற்றையெல்லாம் தானே பிடுங்கித் தானே தீ வைத்தாள். ஊர்க்காரர்கள் ஸ்த்ரூமிட்சா சந்தையில் வாடிய நாற்றை வாங்கிக்கொண்டு வந்து, "பெரிய நாத்துக்காரி, ஊரையே கைகழுவச் சொன்னா, இப்ப பாரு," என்று எங்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். கும்மின் விரலைப் பற்றி ஒருத்தர் வாயிலும் வரவில்லை. என் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? விதை சரியில்லையாம். என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் அன்றைக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஆனால் கடைசித் தட்டுகளில் வேறு கதை நடந்தது. சில செடிகள் நோயில் விழுந்தன. மற்றவற்றில் கிளிகோர் கிள்ளிய இலையில் மட்டும் கறுப்புப் புள்ளி விழுந்தது, அந்த இலை உதிர்ந்தது, அதோடு சரி. புது இலை சுத்தமாக வந்தது. அண்ணி நம்பவில்லை. நோய் இலையைக் கசக்கி அந்தச் சாற்றை அவற்றின் மேல் தானே தேய்த்தாள். மறுபடியும் இலைதான் விழுந்தது, செடி நின்றது. அந்தச் செடிகளைத்தான் வயலில் நட்டாள். இலையுதிர் காலத்தில் அதைச் சுட்டு அஜ்வர் கிண்டினோம். கரண்டி செங்குத்தாக நின்றது.

சேதி கிளிகோர் காதுக்குப் போனது. "என் கை பட்டதாலதானே தெரிஞ்சுது? மிளகாய்க்கு என் பேரை வைங்க. பேர் வைக்கிறது கும் உரிமை," என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எரித்தது யார், ஏச்சு வாங்கியது யார், பேர் மட்டும் இவருக்கா?

அடுத்து வந்தது மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்கு முன்னால் சின்னவர்கள் கும் வீட்டுக்குப் போய், கையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கிற நாள். அண்ணி ஆரஞ்சும் அல்வாவும் எடுத்துக்கொண்டாள். கூடவே ஒரு புட்டி பாலும், அந்தச் சட்டியும். வழி நெடுக அண்ணன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

கிளிகோர் நாற்காலியில் சாய்ந்தபடி கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. அண்ணி குனியவில்லை. சட்டியை அவர் முன்னால் வைத்துப் பாலை ஊற்றினாள். வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிகோர் என் அண்ணனைப் பார்த்து, "வாங்கெல், உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு," என்றார்.

அண்ணன் முன்னால் வந்தான். சட்டியைத் தன் கையில் எடுத்து அவர் மடிக்கு நேரே நீட்டினான். "கையை நனைங்க, கும்," என்றான்.

அவர் நனைத்தார். அண்ணி முறைப்படி குனிந்து, பால் சொட்டிய அந்தக் கையில் முத்தமிட்டு, மன்னிப்புக் கேட்டாள். கடவுள் மன்னிப்பார் என்று அவரும் முறைப்படி முனகினார்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் அவள் பக்கத்தில் ஒட்டி நடந்தான். "லென்கா, இன்னிக்கு அந்த நாள்தானே. என்னையும் மன்னிச்சிடு."

"கடவுள் மன்னிப்பார்," என்றாள் அண்ணி, நடையை நிறுத்தாமல். "நான் இந்த வருஷ நாத்து நட்டு முடிச்சப்புறம் சொல்றேன்."