மச்சானுக்கு மட்டும் வெட்டமாட்டார்

என் வீட்டுக்காரரை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நல்லவரோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

எங்கள் சலூன் ராணுவ முகாமின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிப்பாய்கள். வெளிநாட்டுச் சண்டைக்குப் போகிறவன் எவனும் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ளாமல் லாரியில் ஏறக் கூடாது என்பது முகாமின் சட்டம். எங்கள் வீட்டு உலை கொதிப்பதே அந்தச் சட்டத்தால்தான்.

இந்த மனிதர் என்ன செய்வார் தெரியுமா? சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கடையைச் சாத்திவிட்டு அதே வாசலில் போய் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ‘அடுத்தவன் நாட்டில் நமக்கென்ன வேலை’ என்று ஒரு பக்கம், ‘அணுகுண்டுக் கப்பலுக்கு இங்கே இடமில்லை’ என்று மறுபக்கம். கூட நிற்பது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், மழை இல்லையென்றால் இன்னும் இரண்டு பேர். காலையில் இவரிடம் தலையைக் கொடுத்தவனே சாயங்காலம் இவர் தலையில் முட்டை அடிப்பான். அந்த வாடை போகச் சட்டையைத் துவைப்பது மட்டும் நான்.

இளவயதில் இவரும் படையோடு வெளிநாடு போனவர்தான். துப்பாக்கி தூக்கவில்லை, முடிவெட்டப் போனார். பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புகிற பிள்ளைகளுக்குச் சவரம் செய்வதும் இவர் வேலையாக இருந்திருக்கிறது. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “சலூன்காரன் என்னத்தைப் பார்ப்பான், தலையைத்தான் பார்த்தேன்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

மற்றபடி வாய்க்குக் குறைச்சல் இல்லை. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நிற்கிற கப்பலில் அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால் அதிகாரிகள் இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. “உங்க வீட்டு அடுப்படியில பாம்பு இருக்கான்னு பொண்டாட்டி கேட்டா இப்படித்தான் பதில் சொல்லுவீங்களா சார்?” என்று ஒரு பெரிய அதிகாரியிடமே கேட்டார், அதுவும் அவர் தாடையில் சோப்பு நுரை இருக்கும்போது. அந்த வாரமே கடைக் கண்ணாடிக் கதவில் கல் விழுந்தது. சில்லுகளைப் பெருக்கியதும் நான்தான். சொந்தச் சோற்றில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிற மனிதரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இவரைத் திட்டாதவள் பக்கத்து ரொட்டிக்கடை அக்கா ஒருத்திதான். அதற்கு அவள் திட்டினாலே தேவலை என்று தோன்றும். அவளுடைய ஒரே பையன் போன வருஷம் எங்கள் கடையில் வெட்டிக்கொண்டு லாரி ஏறியவன், பெட்டியில் திரும்பி வந்தான். அதன் பிறகும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு டீ கொண்டு வருவாள். எல்லோருக்கும் கையில் கொடுப்பாள். இவருக்கு மட்டும் கண்ணாடி மேடையில் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள்.

என் தம்பியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது இவர்தான். அவன் முதல் மீசையை எடுத்துவிட்டதும் இவர்தான். சம்பளம் வருகிறது என்று அவன் பட்டாளத்தில் சேர்ந்ததும் மாமாவும் மச்சானும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பந்தாக உருண்டேன். பிறகு ஒருநாள் அவன் பிரிவுக்கும் உத்தரவு வந்தது.

கிளம்புகிற அன்று காலை பெஞ்சு நிறையச் சிப்பாய்கள். தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் துணியைப் போர்த்தவில்லை.

“எந்திரி. உனக்கு வெட்ட மாட்டேன்.”

“மாமா, விளையாடாதீங்க. லாரி வந்தாச்சு.”

“வெட்டாம போனா என்ன பண்ணுவாங்க? ஏத்த மாட்டாங்க. கொஞ்ச நாள் உள்ள வைப்பாங்க. வைக்கட்டும். உசுரோட இருப்ப.”

குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனிதர் செய்வது சரி என்று எனக்குப் பட்டது. கும்பிட வேண்டும் போல இருந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் கத்தினார்கள். கோழை என்றான் ஒருவன், துரோகி என்றான் இன்னொருவன். கதவைத் தாழ் போட்டுவிடலாமா என்று எழுந்தேன்.

டீத் தட்டோடு கடை வாசலில் நின்றிருந்த ரொட்டிக்கடை அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

“என் பையனுக்கு வெட்டுனப்ப இந்தக் கை எங்க போச்சு?”

இவர் முகத்தில் ஈயாடவில்லை. சனிக்கிழமைதோறும் வாசலில் அத்தனை பேர் வாயை அடைக்கிற மனிதர், வாயைத் திறந்தார், மூடினார்.

தம்பி தானே மெஷினை எடுத்தான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தன் தலையில் தானே ஓட்டினான். பழக்கமில்லாத கை. ஒரு இடம் தோல் தெரிந்தது, ஒரு இடம் திட்டாக நின்றது, காதுக்குப் பின்னால் ஒரு கொத்து அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகாம் வாசலில் நிற்கிற சார்ஜன்ட் இந்த அலங்கோலத்தோடு யாரையும் ஏற்ற மாட்டான். தம்பி எழுந்து கதவு வரை போய்விட்டான்.

“நில்லு” என்றார் இவர்.

“விடுங்க, அப்படியே போகட்டும்” என்று நான் குறுக்கே போனேன்.

“எல்லாருக்கும் வெட்டுன கைதானே” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. தம்பியைத் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். துணியைப் போர்த்தினார். காதை மடக்கிப் பிடித்து அந்தக் கொத்தை எடுத்தார். திட்டுகளைச் சமன் செய்தார். பின்கழுத்தில் கத்தி போட்டு, பவுடர் தட்டி, துணியை உதறினார். கை நடுங்கியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நடுங்கவே இல்லை.

தம்பி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் தெருவைத் தாண்டினான். சார்ஜன்ட் அவன் பின்தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஏறு என்று லாரியைக் காட்டினான்.

ரொட்டிக்கடை அக்கா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என் பையன் மாதிரியே இருக்கான்” என்றாள்.

எனக்கு இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பெஞ்சிலிருந்த அடுத்த பையன் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.