முழு முடிவு வருமுன் நான் சொன்ன விளக்கம்

நான்கு ஆண்டுகளுக்கு முன், சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். மருத்துவர் சொல்வதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வது என் வேலை. எங்கள் பக்கத்தில் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் விவரம் சொல்வதே வழக்கம். அது சரியா என்று நானும் அப்போது யோசித்ததில்லை.

பிள்ளைச்சாவடியிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். நாக்கின் அடிப்பகுதியில் புற்று. கதிர்வீச்சு சிகிச்சையை எல்லோரும் ‘கரண்டு வைப்பது’ என்றே சொல்வார்கள். ஊருக்கெல்லாம் கரண்டு வேலை பார்த்த எனக்கே இப்போது கரண்டு வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தபடிதான் அவர் வெளியே போய் உட்கார்ந்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

“பாண்டிச்சேரியில பொறந்து பிராந்திய மோந்துகூட பாக்காத ஆளு பாப்பா. பொகையில கெடையாது. இவருக்குப் போயி ஏன் வந்துது?”

கையிலிருந்த அறிக்கையில், அவருடைய திசுவில் பி16 என்ற புரதம் மிகுதியாக இருப்பதாக எழுதியிருந்தது. ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் வந்த புற்றாக இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம், உறுதி அல்ல. உறுதி செய்யும் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. நானோ வைரஸ்தான் காரணம் என்றேன். எப்படித் தொற்றும் என்று கேட்டார். பெரும்பாலும் உடலுறவின் வழியாக என்றேன். இந்த வகைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று ஆறுதலும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சிகிச்சை தொடங்க வேண்டிய திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தேன். மனைவி கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார், காரணம் தெரியவில்லை, அவர் வராமல் தானும் வரப்போவதில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மருத்துவரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. நாம் தாமதித்தால் கட்டி காத்திருக்காது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பேருந்து பிடித்துக் கனகசெட்டிக்குளம் போனேன். அந்த அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். முழு முடிவு இன்னும் வரவில்லை என்றேன். வைரஸ் என்றே வந்தாலும், அது திருமணத்துக்கு முன்பே உடலில் புகுந்து பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது என்று விளக்கினேன்.

“எங்கிட்ட இருந்துகூட போயிருக்கலாம்னு சொல்றியா?”

“யாரையும் சொல்ல முடியாதுக்கா.”

“அப்பறம் எதுக்கு அன்னிக்கு அவ்ளோ சொன்ன?”

மன்னிப்புக் கேட்டேன். அக்கா, “கஞ்சியாவது முழுங்குறாராமா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். பேருந்தில் என்னை விட்டுத் தள்ளி, முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியது. அக்கா தினமும் கூட வந்தார். கணவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது முடிவு வந்தது: வைரஸ் இல்லை. இம்முறை மருத்துவர் முதலில் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே மனைவியை அழைத்தார். வைரஸ் இல்லை என்றதும் அக்கா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைரஸ் இருந்திருந்தால் குணமாகும் வாய்ப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

“பரவால்ல டாக்டர், பாத்துக்கலாம்” என்றார் அக்கா. அப்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

எலக்ட்ரீஷியன் இப்போதும் குறித்த நாளில் வந்து காட்டிவிட்டுப் போகிறார். ஆனால் உயிருக்கு அவ்வளவு நல்லதல்லாத ஒரு முடிவைக் கேட்டு ஒரு மனைவி மகிழ்ந்து நிற்கும்படி செய்தவள் நான் என்பது, எந்த அறிக்கையையும் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டும் முன் என்னைத் தயங்க வைக்கிறது. அந்தத் தயக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.