இது இருக்கு, இது போயிடுச்சு

உலகத்துக் காடுகளெல்லாம் சாயாமல் நிற்பதே எங்கள் சித்தி சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்திருப்பதால்தான். அவள் எழுந்து ஒரு வாய் டீ குடித்தால் எங்கேயோ நாலு மரம் ஆடும்.

காட்டு மரங்களின் வேரை ஆராய்வது அவள் வேலை. கையில் சின்ன இடுக்கி. எதிரே தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டு. காட்டுத் தரையில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி எடுத்த மண்ணைச் சல்லடையில் அலசினால், மிஞ்சுவது தலைமுடி போன்ற வேர்கள். ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்ப்பாள். வளைந்தால், "இது இருக்கு." இடது கிண்ணம். பட்டென்று ஒடிந்தால், "இது போயிடுச்சு." வலது கிண்ணம். அப்போது மட்டும் குரல் இறங்கிவிடும், துக்க வீட்டில் பேசுவதுபோல.

அலசாத மண் பைகள் ஃபிரிட்ஜில். "பாலை எடுக்கப் போனா பாதாளம் வருது" என்பது அம்மாவின் புலம்பல். "மூடித்தானே வச்சிருக்கேன் அக்கா" என்பதோடு சித்தியின் பதில் முடிந்துவிடும். போன வாரம் தட்டில் முனையில் முடிச்சிட்ட ஒரு தையல் நூலைப் போட்டுப் பார்த்தேன். தலைகூட நிமிரவில்லை. "வேருக்கு முடிச்சுப் போடத் தெரியாதுடா."

இந்த வாரம் விளையாட்டில்லை. வந்திருப்பது தீயில் வெந்த ஒரு துண்டுக் காட்டின் மண். அங்கே மரங்களில் பேருக்குக்கூட ஒரு இலை இல்லை. மேலே மட்டும் பார்த்துவிட்டு, வெட்டிவிடலாம் என்கிறார்கள் அதிகாரிகள். "கீழ ஒண்ணே ஒண்ணு உயிரோட இருந்தாலும் வெட்ட விடமாட்டேன்" என்று சித்தி திங்கட்கிழமை வரை தவணை வாங்கியிருக்கிறாள். பதினோரு பை முடிந்தது. இடது கிண்ணம் காலி. கடைசிப் பை தட்டில்.

அவள் முகம் கழுவப் போன சமயம், வாசல் தொட்டிச் செடியிலிருந்து ஆறு வேரை நறுக்கித் தட்டில் மிதக்கவிட்டேன்.

வந்து உட்கார்ந்தவள் முதலில் எடுத்தது கறுத்துப்போன ஒன்று. நானாக இருந்தால் பார்க்காமலே வலது கிண்ணத்தில் போட்டிருப்பேன். வளைத்தாள். வளைந்தது. நகத்தால் தோலைச் சீவினாள். உள்ளே வெள்ளை.

"இது இருக்கு." பாதி காற்றுதான் வந்தது. இடது கிண்ணத்தில் அதைப் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினாள்.

பிறகு என் ஆறையும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினேன். நக இடுக்கெல்லாம் தொட்டி மண்.

திட்டவில்லை. தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"போய் அந்தச் செடிக்கு ஊத்திட்டு வா."