கேக்கில் கலந்த தைலம்

கோவளத்தில் வசிக்கிறோம். என் கணவர் சிறுசேரி கம்பெனி ஊழியர்களை ஏற்றிச் செல்லும் கேப் ஓட்டுகிறார். மகள் யாழினியின் பிறந்தநாளுக்குப் புதினா சாக்லேட் கேக் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று பார்த்து எனக்குக் கடுமையான சளி. எந்த வாசனையும் தெரியவில்லை.

மூன்று அடுக்கு கேக்கும் நன்றாக வெந்திருந்தது. நடுவில் தடவும் கிரீமில் பச்சை நிறம் சேர்த்து, ஜன்னலோரம் இருந்த சின்ன பாட்டிலிலிருந்து புதினா எசென்ஸ் ஊற்றிக் கலக்கினேன். ருசி பார்க்க யாழினி ஒரு ஸ்பூன் எடுத்தாள்.

"அம்மா, இன்னாமா இது? அப்பா நெத்தி வாசன அடிக்குது!"

தலைவலிக்கு அவர் தேய்க்கும் தைலத்தை ஊற்றியிருக்கிறேன்! ஸ்பூனைப் பிடுங்கினேன்.

"முழுங்கிட்டியா?"

"இல்லமா, மோந்துதான் பாத்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்தார் கணவர்.

"நான்தான் அங்க வெச்சேன். அழுவாத. சாக்லேட் மீதி கீதுல்ல, அத்த தடவு" என்றவர், தைலம் கலந்த கிரீமைத் தானே குப்பையில் கொட்டினார்.

சாக்லேட்டை உருக்கித் தடவி, மேலே புதினா இலைகளைச் செருகினோம். யாழினியின் தோழிகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

இப்போது தைலம் படுக்கையறை அலமாரியில்தான் இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றுவதில்லை. சளி பிடித்தால் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். அந்த வேலைக்கு அப்பாவுக்கும் மகளுக்கும் ஒவ்வொரு தடவையும் போட்டி!