அத்தை சின்னப் பாக்கெட் வாங்கிய மாதம்

கடையில் என் மனைவிக்கு 'டூரிஸ்ட்' என்று பெயர். நாங்கள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் நான் விற்பேன். பின்பக்க அறையில் அவள் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். மற்றவர்களின் மேசை இழுப்பறையைத் திறந்தால் சீப்பு, தலைவலி மாத்திரை, பிள்ளை வரைந்த படம் என்று ஒரு குடித்தனமே நடக்கும். இவளுடையது துடைத்து வைத்தமாதிரி இருக்கும். ஸ்க்ரூ டிரைவரிலிருந்து டீ குடிக்கும் டம்ளர் வரை சாயங்காலமானால் பைக்குள் போய்விடும். வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் இதே கூத்துதான்.

"நாளைக்கு வருவீங்கல்ல?" என்று தினமும் கிண்டல் செய்வேன். அப்படிக் கேட்டுக் கேட்டே கல்யாணத்தில் வந்து முடிந்தது.

என் மாமனார் பாலம் கட்டும் கம்பெனியில் கிரேன் ஓட்டியவர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம் வேறு நாட்டில். வேலை எங்கேயோ, பெண்டாட்டியும் பெண்ணும் அங்கே. அதனால் இவளுக்கு நாலு நாட்டுத் தேசிய கீதம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது. கூட்டல் கழித்தல் ஒரு மொழியில், கனவு இன்னொரு மொழியில். என்னைத் திட்டும்போது மட்டும் எனக்குச் சுத்தமாகப் புரியாத மொழியாகப் பார்த்து எடுப்பாள். நானோ பிறந்த தெருவை விட்டு மழைக்கு ஒதுங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போகாத ஆள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஊர் மாறப்போவதைப் பிள்ளையிடம் கிளம்புகிற அன்று காலையில்தான் சொல்வார்கள். முன்னாடியே சொன்னால் படிப்பில் மனசு நிற்காதாம். மாமனார் போட்ட சட்டம்; அத்தை அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். ஆனால் பிள்ளை என்ன மரமா? அவளே துப்பறியக் கற்றுக்கொண்டாள். வழக்கமாகப் பெரிய பையில் வரும் சர்க்கரையும் சோப்புத்தூளும் திடீரென்று சின்னப் பாக்கெட்டில் வரும். காலியான டப்பாக்கள் திரும்ப நிறையாது. கழுவிக் கவிழ்த்துவைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் இவள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோடு பேசுவதை நிறுத்திவிடுவாள்.

"இப்பவே விட்டுட்டா, போறப்ப அவ்வளவா வலிக்காது" என்றாள் ஒருமுறை, ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்பதுபோல. எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன மாமனார் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று அடக்கிக்கொண்டேன்.

அவருடைய கடைசிப் பாலம் எங்கள் ஊரில். அது முடிந்த கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அத்தை மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அவரை எங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும், என் மனைவிக்கு வேறு ஆசையே கிடையாது. அவள் வாழ்ந்த வீடுகளையெல்லாம் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். கூப்பிடும்போதெல்லாம் அத்தை சிரிப்பார். "மூட்டை கட்டிக் கட்டியே என் இடுப்பு போச்சு மாப்பிள்ளை. இனிமே என்னைக் கிரேன் வச்சுத்தான் தூக்கணும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, அம்மா சின்னப் பாக்கெட் வாங்குறாங்க!"

"சரி, அதுக்கென்ன?"

"சர்க்கரை, சோப்புத்தூள், எண்ணெய், எல்லாம் சின்னது. டப்பாவெல்லாம் கவுத்து வச்சிருக்காங்க. நம்ம வீட்டுக்கு வரப்போறாங்க, உங்களுக்குப் புரியலையா?"

"போன் போட்டு என்னைக்குன்னு கேளேன்."

"ஐயோ, கேட்டுடாதீங்க. அவங்க கடைசி நாள்தான் சொல்லுவாங்க. எங்க வீட்டுப் பழக்கம் அப்படி."

அன்றிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை. வீட்டின் பின்அறையைக் காலி செய்து, தானே நின்று வெள்ளையடித்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அதுவரை விட்டதில்லை. போகும்போது ஓட்டையை அடைக்கணுமே என்பாள், சொந்த வீட்டில்! இப்போது அவளே சுத்தியலோடு அலைந்தாள். அத்தை மெலிந்திருக்கிறாரே என்றேன். "இருக்கிற சாமானைத் தீர்க்கணும்னு மிச்சம் மீதியா சாப்பிடுறாங்க. எப்பவும் அப்படித்தான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஒருநாள் காலையில் அத்தையே போன் செய்து, இரண்டு பேரும் வாருங்கள் என்றார். இவள் சாமான் ஏற்றும் வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அத்தை வீட்டுச் சமையலறை அலமாரி துடைத்துக் கிடந்தது.

"வண்டி சொல்லிட்டேம்மா. ரூமும் ரெடி" என்றாள்.

"உக்காரும்மா." அத்தை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வயித்துல கட்டி. எல்லாப் பக்கமும் பரவிடுச்சாம். இனிமே வைத்தியம் பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எப்போ சொன்னாரு?"

"கொஞ்ச நாளாச்சு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"முன்னாடியே சொன்னா உனக்கு மனசு நிக்காது."

"எனக்கு என்ன, நாளைக்குப் பரீட்சையா இருக்கு?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "நான் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேம்மா. நீ வலியில கெடந்தப்ப நான் பாட்டுப் பாடிக்கிட்டு பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன்!"

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கக் கூடாதென்று வளர்க்கப்பட்டவள் எப்படிக் கேட்பாள்?

வண்டி வந்தது. அத்தையை அந்த அறைக்கே கூட்டிவந்தோம். இவள் கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் தண்ணீர் கொண்டுபோனேன். அத்தைக்குக் குரல் உள்ளே போயிருந்தது. இவள் அவர் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"எந்த நாட்டுக்குப் போனாலும் என்னையும் கூட்டிட்டுத்தானேம்மா போன?" என்றாள்.

அத்தை அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உன்னை விட்டுட்டுப் போற மாதிரி ஒரு ஊரு இப்பதாம்மா கிடைச்சிருக்கு. மாப்பிள்ளை இருக்காரு. தெருவுல எல்லாருக்கும் உன்னைத் தெரியுது."

"அவங்களுக்கெல்லாம் நான் இங்க வந்தப்புறம்தானேம்மா தெரியும். அதுக்கு முன்னாடியும் நான் இருந்தேன்னு சொல்றதுக்கு இனி யாரு இருக்கா?"

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்ன அந்தச் சின்னப் பெண்ணை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அத்தை மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.